கட்டிலில் எடுத்த எண்ணிக்கை

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிய ஏலாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதுக்கு மேலே காலைத் தூக்கிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லித்தந்தது இது. ஆனால் நான் இருக்கும் இடத்தில் கண்ணாடி வைத்திருக்க விடமாட்டார்கள். அதனால் என் உள்ளங்காலைப் பார்க்கிறது என்னோடு உள்ளே இருக்கும் சோமா. பின்னேரச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவி வைத்ததும், "கொண்டா உன்ட காலை" என்று சிங்களத்தில் கேட்பாள். பார்த்துவிட்டு ஏதாவது ஒரு நக்கல் சொல்லாமல் காலைத் திருப்பித் தரமாட்டாள்.

நான் இருப்பது கொழும்பில் ஒரு சிறையில். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வரும்போது என் தலைமயிர் கறுப்பு. எதுக்காக வந்தேன் என்று இதில் எழுதவில்லை. அதைக் கேட்கவேண்டியவர்கள் கோர்ட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள். இது என் காலின் கதை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஃபாதரோடு வருகிற சிஸ்டர்தான், நீங்கள் பட்டதை எழுதுங்கோ, சீனி வருத்தக்காரர் வாசித்தால் பிரயோசனம் என்றார். நான் கொட்டாஞ்சேனையில் அஞ்சாம் வகுப்பு மட்டும் படித்தவள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். எழுதும்போது ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்று சம்மதித்தேன்.

முதலில் எண்ணிக்கை என்றால் என்ன என்று சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் என் கதை விளங்காது.

விடியப்புறம் மணி அடித்ததும் மண்டபத்தில் படுத்திருக்கும் பெண்கள் எல்லாரும் எழும்பி, பாயைச் சுருட்டிவிட்டு, வரிசையாகக் குந்தவேண்டும். இரண்டு கையும் முழங்காலில் இருக்கவேண்டும். காவலுக்கு இருக்கும் மிஸ் விரலை நீட்டி ஒவ்வொருத்தராக எண்ணிக்கொண்டு போவார். கணக்குச் சரி என்றால் "ஹரி" என்பார். எல்லாரும் எழும்புவோம். பிழைத்தால் முதலில் இருந்து எண்ணுவார்கள், அதுவரை குந்தித்தான் இருக்கவேண்டும். பின்னேரம் கதவு பூட்டும் முன்னமும் இப்படித்தான். காய்ச்சலிலும் நான் எண்ணிக்கைக்குப் போயிருக்கிறேன். எங்கட அம்மா செத்த செய்தி வந்த அன்றும் போனேன். வெளியே உள்ளவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு அதில் பெருமை.

வயசு போய், எண்ணிக்கைக்குக் குந்தி எழும்ப ஏலாமல் போனவர்களை நோயாளர் அறைக்கு மாற்றுவார்கள். அது கூடாத இடம் இல்லை. அங்கே கட்டில் இருக்கிறது. மருந்து கைக்கே வரும். ஆனால் அங்கே போனவர்கள் மண்டபத்துக்குத் திரும்பி வந்ததை நான் காணவில்லை. மண்டபத்தில் எனக்கு ஒரு இடம் உண்டு. புதிதாக வருகிறவள் கக்கூஸ் பக்கம்தான் பாய் போடவேண்டும். ஆட்கள் விடுதலையாகிப் போகப் போக, ஒவ்வொரு பாயாக நகர்ந்து நகர்ந்து, ஜன்னலுக்குக் கீழே வந்து சேர எனக்குத் தலை நரைத்துவிட்டது. பகலில் சமையல்கட்டில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிறது என் வேலை. சாப்பாட்டில் கல் கடிபட்டால் "ரோசா அக்காவுக்கு இண்டைக்குக் கண் தெரியேல்லை" என்பார்கள். கல் கடிபடாத நாளில் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த ஒன்றும் சொல்லாத நாட்கள்தான் எனக்கு வேண்டியது. நோயாளர் அறையில் நான் ஆர்? படுத்திருக்கும் ஒரு கிழவி.

அதனால்தான் காலை ஒளித்தேன்.

சீனி கனகாலம் உடம்பில் இருந்தால் காலில் உள்ள நரம்பைத் தின்றுவிடும். பிறகு குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. நோவு இல்லை என்று நாங்கள் சந்தோஷப்படுவோம். நோவு இல்லாததுதான் வருத்தம் என்று டொக்டர் பிறகு சொன்னார். என் செருப்புக்குள் ஒரு கல் புகுந்திருக்கிறது. நான் அரிசியில் இருந்து பொறுக்கி எறிந்த கல்லாகத்தான் இருக்கவேண்டும். அதை மிதித்துக்கொண்டு எத்தனை நாள் நடந்தேனோ தெரியாது. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது, கழுவின சீமெந்துத் தரையில் என் காலடிகளைச் சோமாதான் கண்டாள்.

"ரோசா, உன்ட ஒரு கால் தண்ணியில நடந்திருக்கு. மற்றக் கால் பீட்ரூட்டில நடந்திருக்கு."

அவளைக் கெஞ்சி வாயை மூடவைத்தேன். அவளும் பழைய சேலைத் துண்டு கிழித்துக் கட்டிவிட்டாள். கொஞ்சநாள் அப்படியே ஓடியது. பிறகு சின்ன விரல் கறுத்தது. அதுக்குப் பக்கத்து விரலும் கறுத்தது. மணம் வந்தது. வரிசையில் சோமா எனக்கு இடப்பக்கம் குந்துகிறவள். ஒரு விடியப்புறம், எண்ணி முடித்து மிஸ் திரும்பும்போது, எல்லாருக்கும் கேட்க, "மிஸ், இவளின்ட கால் அழுகுது" என்று சொல்லிவிட்டாள்.

வேன் வரும்வரை அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. கேற்றடிக்குப் போகும்போது பின்னால் இருந்து சொன்னாள்: "கோபப்படு. கால் மிஞ்சினால் வந்து எனக்கு உதை."

என்னோடு காவலுக்கு வந்தவர் குசும் மிஸ். பென்ஷனுக்குக் கிட்டவந்த மனுஷி. நான் உள்ளே வந்த புதிதில் அவரும் வேலைக்குப் புதிது. அவருக்கும் முழங்கால் பிடிப்பு, வேனில் ஏற இருவருக்கும் ட்ரைவர்தான் கைகொடுத்தார். கம்பி ஜன்னலால் பொரளைச் சந்தியைப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த கடைகளில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பூக்கடைகள் மட்டும் பழையபடி இருந்தன. பொரளையில் கனத்தைச் சவக்காலைக்குப் போகிறவர்கள் எந்தக் காலத்திலும் பூ வாங்குவார்கள்தானே.

கிளினிக்கில் சனம் நெருக்கியடித்து இருந்தது. எங்கள் கைதி உடுப்பு வெள்ளை, பக்கத்தில் யூனிபோர்மோடு மிஸ். நான் வாங்கில் இருந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைசியில் ஒரு முழு வாங்கும் எனக்கே கிடைத்தது. குசும் மிஸ், "நல்லதாப் போச்சு, காலை நீட்டு" என்றார். நீட்டினேன்.

சோதனைகளைச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்காக. விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துச் சீனி பார்த்தார்கள். எறும்பு கடித்த மாதிரித்தான். எலும்புக்குள்ளும் அழுகல் போயிட்டுதோ என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு காலில் குளிர்ந்த களிம்பு பூசி, பேனை மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினார்கள். காலுக்கு ரத்தம் போகிறதோ என்று அதில் சத்தமாகக் கேட்கும். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. என் சீவன் போய்விட்டது. கொஞ்சம் தள்ளி வைத்ததும் கேட்டது. சுளகில் அரிசி புடைக்கிற அதே சத்தம். ஸ்ஷ், ஸ்ஷ், ஸ்ஷ். என் காலுக்குள் யாரோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

டொக்டர் தமிழ்ப் பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு இருந்து சொன்னார். இரண்டு விரலும் செத்துவிட்டன. அவற்றை விட்டுவைத்தால் மற்ற விரல்களையும் பாதத்தையும் கூட்டிக்கொண்டு போகும். இப்போது எடுத்தால் பாதம் மிஞ்சும், பிந்தினால் முழங்காலுக்குக் கீழே வெட்டவேண்டி வரும். வேறு ஏதும் கேட்கவேணுமோ என்றார். கேட்காமல் விட்டால் பிறகு கேட்கமாட்டேன் என்று தெரிந்தது.

"குந்த ஏலுமா டொக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் நடக்க ஏலுமோ எண்டுதான் அம்மா கேக்கிறவை. நீங்கள் குந்தக் கேக்கிறீங்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிப்பாட்டி, "பாப்பம்" என்றார்.

முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப்பண்ணினார்கள். முழிப்பாகத்தான் இருந்தேன், முன்னால் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தது. நான் செபமாலை சொன்னேன். அதை ஒருதரம் முழுக்கச் சொல்லி முடிக்கும் முன்னமே, முடிஞ்சுது என்றார்கள். விரல்களைக் காட்டட்டோ என்று ஒரு நேர்ஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். கனகாலம் என்னோடு இருந்தவைதான், ஆனாலும் பார்க்க மனமில்லை.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் கொம்பனித்தெருவைச் சேர்ந்த பாத்தும்மா. அவவுக்கும் சீனிதான், முழங்காலுக்குக் கீழே புண். நான் வந்த அன்று அவவின் மகள் வந்து, உம்மாவின் கைப்பையை என் பக்கத்து மேசையில் இருந்து எடுத்து மற்றப் பக்கம் வைத்தா. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். பெண்பிள்ளை செய்தது பிழை இல்லை. என் கையில் விலங்கு போட்டிருக்கவில்லை. வயசையும் காலையும் பார்த்து விட்டிருந்தார்கள். ஆனால் கட்டிலின் காலடியில் யூனிபோர்மோடு மிஸ் இருக்கிறாரே.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என் தங்கச்சி பிலோ வந்தாள். வெள்ளவத்தையில் கட்டிக் கொடுத்தது. சிறைக்கு அவள் வந்து கனவருஷம். சிஸ்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். அனுமதி எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலடியில் நின்று கொஞ்சநேரம் என் காலில் இருந்த கட்டையே பார்த்தாள். அவளும் கிழவியாகிவிட்டாள். அவள் கிழவியாகிறதை நான் பார்க்கவில்லை. ஒரேயடியாக ஒரு கிழவி வந்து நின்று "அக்கா" என்றது.

"ஜெயிலுக்கு வரத்தான் வெட்கமா இருந்தது அக்கா. ஆஸ்பத்திரிக்கு ஆரும் வரலாம்தானே."

"ஓம், ஆரும் வரலாம்" என்றேன். என் கால் அழுகினதில் ஒரு நன்மை அது.

அதுக்குப் பிறகு அடிக்கடி வந்தாள். குரக்கன் பிட்டும், மிளகாய் குறைத்த மீன்குழம்பும் கொண்டுவருவாள். காலுக்குக் கட்டுகிற ஒரு வகைத் துணி வார்ட்டில் முடிந்துவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவள் காலி வீதியில் பாமசி பாமசியாக ஏறி இறங்கி வாங்கிவந்தாள். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. ஒருநாள் நகம்வெட்டி கொண்டுவந்து, மிச்சமிருந்த விரல்களின் நகத்தை வெட்டிவிட்டாள். சின்னதில் நான் அவளுக்கு வெட்டிவிடுவேன், அவள் காலை உதறுவாள். இப்போது அவள் என்னை உதறவேண்டாம் என்றாள். எனக்கு அந்தக் காலில் ஒன்றும் தெரியாது, உதற என்ன இருக்கிறது. ஆனாலும் சும்மா ஒருதரம் உதறினேன். சிரித்தாள்.

காலைக் கீழே வைக்கவே கூடாது என்பது டொக்டரின் கட்டளை. தையல் புதிது, பாரம் பட்டால் பிரிந்துவிடும். எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. நேர்ஸ்மார் சொல்லி அலுக்கும் முன்னமே தலையாட்டினேன். ஆனாலும் பிழை நடந்தது.

விடியப்புறம் தேத்தண்ணி ட்ரொலி வரும். அன்று அதில் இருந்து ஒரு இரும்பு வாளி கழன்று தரையில் விழுந்தது. மணி அடித்த மாதிரியே ஒரு சத்தம். நான் எழும்பினேன், இறங்கினேன், படுக்கை விரிப்பைச் சுருட்டினேன், கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினேன். கையை முழங்காலில் வைத்தேன், தலையைக் குனிந்தேன். இதெல்லாம் நான் செய்தேன் என்று சொல்ல ஏலாது, உடம்பு செய்தது. எண்ணுகிற விரல் வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சோமா இல்லை. அவள் இருக்கவேண்டிய இடத்தில் கட்டிலின் இரும்புக் கால் நின்றது. அப்போதுதான் எங்கே இருக்கிறேன் என்று விளங்கியது. அதுக்குள் பாத்தும்மா, "யா அல்லாஹ், ரத்தம்" என்று கத்திவிட்டா. எனக்கு நோகவே இல்லை.

குசும் மிஸ் முகம் கழுவப் போயிருந்தார். ஓடிவந்தார்கள், தூக்கினார்கள், வார்ட் முழுக்க எழும்பிவிட்டது. ஓடப் பார்த்தாளாம் என்று ஒரு மூலையில் யாரோ சொன்னது கேட்டது. டொக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"எங்க அம்மா போக இறங்கினனீங்கள்? அவ்வளவு சொல்லியும்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் எனக்கு எப்படி வாய் வரும்? நான் தரையைப் பார்த்தேன். குசும் மிஸ்ஸும் தரையைப் பார்த்தார். கட்டிலடியில் ரத்தம் பட்ட இடம், பக்கத்தில் ஒழுங்காகச் சுருட்டி வைத்த விரிப்பு. அவர் டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார்:

"இவ எங்கேயும் போகேல்ல டொக்டர். எண்ணிக்கைக்கு வந்திருக்கிறா."

டொக்டர் சுருட்டி வைத்த விரிப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, என்ன எண்ணிக்கை என்று மிஸ்ஸிடம் கேட்டு அறிந்துகொண்டார்.

திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய், பிரிந்த இடத்தில் செத்த சதையை வழித்து எடுத்துச் சுத்தம் செய்தார்கள். இந்தமுறை தைக்கவில்லை, புண்ணைத் திறந்தே வைத்துக் கட்டினார்கள். உள்ளிருந்து தானாக மூடவேண்டுமாம். இன்னொருதரம் பாரம் பட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கிறதைத் தவிர வேறு வழி இருக்காது என்று டொக்டர் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

மேலிடத்தில் இருந்து குசும் மிஸ்ஸுக்கு ஃபோன் வந்தது. கைதி கட்டிலால் இறங்கியிருக்கிறாள், கையைக் கட்டிலோடு பூட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். மிஸ் விலங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பூட்டவில்லை, வைத்துவிட்டு யோசித்துக்கொண்டு இருந்தார். எனக்கு விலங்குக்குப் பயம் இல்லை. பூட்டினால் ஒருவேளை நல்லது என்றும் நினைத்தேன். ஆனால் கை பூட்டியிருந்தாலும் கால் இறங்கிவிடுமே. விடியும்போது இந்த உடம்பு என்னைக் கேட்காது. அன்று பகல் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆட்கள் குறைந்த நேரம் மிஸ்ஸிடம் அதைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக ஒரு காவலரோடு நான் கதைத்தது கிடையாது.

"மிஸ், நான் இறங்கமாட்டேன். உடம்புதான் இறங்கும். மணி கேட்டால் அதுக்கு எண்ணிக்கை முடியவேணும். முடியாமல் படுக்காது."

குசும் மிஸ் தன்னுடைய முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். லீவில் வீட்டில் நின்றாலும் விடியப்புறம் முழிப்பு வந்துவிடுமாம். எழும்பி, படுத்திருக்கும் பிள்ளைகளின் தலையை விரலால் எண்ணிப்போட்டுத்தான் அடுப்பு மூட்டுவாராம். இப்போது பேரப்பிள்ளைகளையும் எண்ணுகிறாராம். மருமகள் அதைப் பார்த்துப் பயந்ததாம்.

"நீ மட்டுமே ரோசா? நானும் உள்ளுக்குள்ளதான் கிழவியானது" என்றார்.

மறுநாள் விடியப்புறம், ட்ரொலி வரும் முன்னம், தோளில் ஒரு கை தட்டியது. கண்ணைத் திறந்தேன். குசும் மிஸ் தொப்பி போட்டு, யூனிபோர்ம் நேராக்கி, கட்டிலின் காலடியில் நிமிர்ந்து நின்றார். விரலை நீட்டினார்.

"எக்கய்" என்றார். சிங்களத்தில், ஒன்று.

பிறகு வார்ட்டின் மற்றப் பக்கம்வரை ஒருதரம் பார்த்தார். வேறு கைதி இல்லை.

"ஹரி" என்றார்.

என் உடம்பு அப்படியே தளர்ந்து தலகாணியில் சாய்ந்தது. சிறைக்கு வந்த நாளில் இருந்து விடியப்புற எண்ணிக்கைக்குப் பிறகு நான் படுத்தது அதுதான் முதல்தரம். கொஞ்சத்தில் ட்ரொலி வந்தது, கரண்டிகள் கிலுங்கின, யாரோ எதையோ போட்டு உடைத்தார்கள். நான் இறங்கவில்லை. எண்ணி முடிந்துவிட்டதே.

அன்று தொடக்கம் விடியவும் பின்னேரமும் கட்டிலில் எண்ணிக்கை நடந்தது. மிஸ் இல்லாத நாளில், மாறி வருகிற மிஸ்ஸுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போவார். புது மிஸ் வெட்கப்பட்டுக்கொண்டு மெல்லமாய் எண்ணுவா. மேலிடத்துக்குக் குசும் மிஸ் என்ன சொன்னாரோ தெரியாது, விலங்கு மேசையிலேயே கிடந்தது. நேர்ஸ் ஒருநாள் அதுக்கு மேல் என் மருந்துக் குளிசைகளை வைத்தா. டொக்டர் ஒரு காலை வந்தபோது எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை தள்ளி நின்றுவிட்டு, "கணக்குச் சரியோ மிஸ்?" என்று கேட்டுத்தான் கிட்ட வந்தார்.

பாத்தும்மாவுக்கு இது பெரிய பகிடியாகப் போயிற்று. "ஒரு ஆள எண்ண ஒரு ஆளா? புள்ள, இதுல கணக்குப் பிழைச்சா எப்படிப் பிழைக்கும்?" என்பா. ஒரு விடியப்புறம் அவவும் எழும்பி இருந்து, "மிஸ், என்னயும் எண்ணுங்களே" என்று கேட்டா. குசும் மிஸ் சிரிக்காமல், "நீங்க என்ட கணக்கில இல்ல" என்றார். வார்ட்டே சிரித்தது. பிறகு ஒருநாள் அவவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போக வந்தார்கள். மகள் இன்னும் வந்து சேரவில்லை. பாத்தும்மா கைப்பையை எடுத்து இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, என் மடியில் வைத்தா.

"ரோசா லாத்தா, வரும் வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க."

லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. குசும் மிஸ் என்னைப் பார்த்தார், நான் பையைப் பார்த்தேன். அவ திரும்பி வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். தண்ணீர் விடாய்த்தும் போத்தலை எடுக்கக் கை எடுக்கவில்லை. மகள் வந்து, பை என் மடியில் இருந்ததைக் கண்டா. அடுத்தநாள் எனக்கும் சேர்த்து இடியப்பம் வந்தது.

புண் ஆறினது மெல்லமாய்த்தான். ஒவ்வொருதரமும் கட்டு மாற்றும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் நேர்ஸ், "பாருங்கோ, வடிவான புண்" என்றா. புண்ணில் என்ன வடிவு என்று பார்த்தேன். மாதுளை முத்து மாதிரிச் சிவப்பாக, பொடிப்பொடியாகச் சதை முளைத்திருந்தது. கறுப்பும் மஞ்சளும் கூடாது, இந்தச் சிவப்பு வந்தால்தான் ஆறுகிறது என்று அர்த்தமாம். நீங்களும் தெரிந்து வைத்திருங்கள். அதோடு, வெறுங்காலோடு நடவாதீர்கள், செருப்பைப் போடும் முன்னம் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

காலைக் கீழே வைக்கலாம் என்று டொக்டர் சொன்ன அன்று, நடக்கப் பழக்குகிற மிஸ் வந்தார். நிற்க, நடக்க, படி ஏறச் சொல்லித்தந்தார். இரண்டு விரல் இல்லாவிட்டால் பாதம் ஒரு பக்கம் சாயும், குதியில் பாரத்தை வைக்கவேண்டும். அதெல்லாம் பிடித்துக்கொண்டேன். பிறகு குந்தப் பழக்குங்கோ என்று கேட்டேன். இந்த வயசில் எதுக்கு, கதிரை மாதிரி உள்ள கக்கூஸ் பாவிக்கலாம்தானே என்றார். டொக்டர்தான் பின்னால் நின்று, "அம்மாவுக்கு அது வேணும், பழக்கிவிடுங்கோ" என்றார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழகினேன். முன்பாதத்தைத் தூக்காமல், குதியை நிலத்தில் அழுத்தி, பின்பக்கம் பாரம் போட்டு இறங்கவேண்டும். முதல் நாட்களில் இறங்கினால் எழும்ப ஏலாது. பாத்தும்மா கட்டிலில் இருந்து, "எழும்புங்க லாத்தா, எழும்புங்க" என்று ரேஸ் குதிரைக்குச் சொல்வது மாதிரிச் சொல்லுவா. போகப் போக, கம்பியை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு எழும்பினேன்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி என்னைப் போகவிட்ட அன்று பிலோ மெத்தென்ற செருப்பு ஒரு சோடி கொண்டுவந்தாள். சிறைக்குள் கொண்டுபோக டொக்டர் கடிதம் தந்தார். "அங்கயும் வருவன் அக்கா" என்றாள் தங்கச்சி. நான் அவளை நம்பினேன். நம்பினது பிழையில்லை. இதை எழுதும்போது இரண்டுதரம் வந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது, எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பான பெரிய மிஸ் நல்லபடியாகத்தான் கதைத்தார். நோயாளர் அறையில் கட்டில் ஒழுங்கு செய்திருக்கிறது, இனி அலைய வேண்டாம் என்றார். நான் கைகட்டி நின்றேன். பழைய ரோசா என்றால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"மிஸ், நாளைக்கு விடிய எண்ணிக்கைக்கு வாறன். பாத்திட்டுச் சொல்லுங்கோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சரி, விடியட்டும் என்றார்.

மண்டபம் நான் விட்டுப்போனதைவிட நெருக்கமாக இருந்தது. புது முகங்கள், கக்கூஸ் கதவுவரை பாய்கள். ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வெறுந்தரை. என் பாய் சுருட்டியபடி சுவரோரம் நின்றது. புதிதாக வந்த ஒருத்தி சொன்னாள், அந்த இடத்தில் ஒருதரம் சாமான் வைத்ததுக்குச் சோமா தன்னைக் கிழித்துப்போட்டாளாம். எண்ணிக்கை வரிசையிலும் அப்படித்தானாம். என் வலப்பக்கத்து ஆள் வந்து நிரப்பினால் தள்ளிவிடுவாளாம். எண்ணுகிற மிஸ் ஒவ்வொரு நாளும் அந்த வெறும் இடத்தில் விரலை நிறுத்தி, "ஆஸ்பத்திரியில ஒண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போவாராம்.

சோமா சுவரில் சாய்ந்து இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. சீலையைக் கொஞ்சம் உயர்த்தி, கணுக்காலுக்கு மேலே எலும்பு தெரிகிற இடத்தை நீட்டினாள்.

"உதை" என்றாள்.

கட்டுப் போட்ட காலைத் தூக்கி அவள் காலுக்கு மேலே வைத்தேன். அவள் அதைப் பிடித்துத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தாள். "ரெண்டு குறையுது, சம்பளத்தில வெட்டுவாங்கள்" என்றாள். பிறகு அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் விடவில்லை.

விடியப்புறம் மணி அடித்தது. பாயைச் சுருட்டினேன். வரிசையில் எனக்கு விட்டிருந்த இடத்தில் நின்றேன். பெரிய மிஸ் வாசலில் வந்து நின்றதைக் கண்டேன். குதியை அழுத்தி, பின்பக்கம் பாரம் போட்டு, இறங்கிக் குந்தினேன். கையை முழங்காலில் வைத்தேன். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சோமா இருந்தாள்.

விரல் வரிசையால் வந்தது. சோமாவைக் காட்டியது, என்னைக் காட்டியது, அடுத்தவளுக்குப் போனது. என்னில் அது நிற்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போகாதவள் மாதிரி, வயசு போகாதவள் மாதிரி, எல்லாரையும் போல ஒரு ஆளாக என்னைத் தாண்டிப் போனது.

"ஹரி" என்றார் மிஸ்.

பிடிக்கச் சொல்லிச் சோமா தோளைச் சாய்த்தாள். நான் பிடிக்கவில்லை. எழும்பி நின்றேன்.